மாற்றிய நுரையீரலும் பழுதடைந்தால்...

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில் நுரையீரல் நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றைப் பற்றி இம்மேடையில் முன்னரே பல மருத்துவர்கள் பேசியுள்ளனர். அவை வீட்டுக்கு வீடு காணப்படும் நோய்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ மிகச் சிலரையே தாக்கும் ஒரு நோயும், அந்நோய்க்குச் செய்யப்படும் நுரையீரல் மாற்றுச் சிகிச்சையும், மாற்றிய நுரையீரலும் பழுதடைந்தால் மீண்டும் ஒருமுறை மாற்றலாமா என்னும் கேள்வியும் ஆகும். இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயைப் பற்றி நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணங்கள் இரண்டு. இந்நோய் இளம் பெண்களைத் தாக்குவது. பல ஆண்டுகள் ஆஸ்துமா என்றே தவறாகக் கருதப்படுவது. இது முதற் காரணம். கிடைத்தற்கரிய ஓர் உறுப்பை யாருக்குக் கொடுப்பது என்னும் கேள்வி மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று, சமுதாயம் முழுமைக்கும் உரியது. இது இரண்டாவது காரணம்.

பெண்களைத் தாக்கும் அரிய நோய்

அந்நோயின் பெயர் 'லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ்' என்பதாகும். வாயில் நுழையாத இப்பெயரை மருத்துவர்களே 'லாம்' என்று சுருக்கித்தான் அழைக்கின்றனர். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். பத்து இலட்சம் பெண்களை எடுத்துக்கொண்டால் அவர்களுள் ஒரு சிலருக்கே இந்நோய் காணப்படுகிறது. ஆண்களுக்கு வருவது அரிதினும் அரிது. பெரும்பாலும் பூப்பெய்திய பின்னும் மாதவிலக்கு நிற்பதற்கு முன்னுமான வயதிலேயே இது வெளிப்படுகிறது.

இந்நோயில் நடப்பது என்ன? உயிரணுக்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்னும் மரபணுக்களுள் ஒன்றில் ஏற்படும் பழுதினால், மென்தசை அணுக்களைப் போன்ற ஒருவகை அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. அவை நிணநீர்க் குழாய்கள் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் பயணம் செய்து நுரையீரலை அடைகின்றன. அங்கே காற்றுப் பைகளின் சுவர்களை அரித்து, மெல்லிய சுவர் கொண்ட எண்ணற்ற நீர்க்குமிழி போன்ற வெற்றிடங்களை உண்டாக்குகின்றன. தேன்கூடு போல் ஓட்டை விழுந்த நுரையீரல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்குமேயன்றி, காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்யாது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல்தான் தொடக்க அறிகுறி. ஆகவே ஆஸ்துமா, இரத்தசோகை, உடல் பலவீனம் என்றெல்லாம் எண்ணி மருந்து கொடுக்கப்படுகிறது. சில பெண்களுக்கு, நுரையீரலின் மேற்பரப்பிலுள்ள குமிழி உடைந்து, காற்று நெஞ்சறைக்குள் கசிந்து, நுரையீரல் திடீரென்று சுருங்கிவிடும். நெஞ்சுவலியுடன் மூச்சு அடைத்து மருத்துவமனைக்கு ஓடுவார்கள். குழாய் செருகிக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும். சில மாதங்களில் மீண்டும் அதே நிலை வரும். புகை பிடிக்காத இளம்பெண் ஒருவருக்கு இவ்வாறு காற்றுக் கசிவு ஏற்பட்டால், ஒருமுறையேனும் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது மிகவும் அவசியம். எக்ஸ்-ரே படத்தில் தெரியாத குமிழிகள் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். சிறுநீரகத்தில் கொழுப்பும் தசையும் கலந்த கட்டி இருப்பதும், நெஞ்சறையில் பால் போன்ற வெண்ணிற நிணநீர் தேங்குவதும் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் வேறு அடையாளங்களாகும். இன்று இரத்தப் பரிசோதனை ஒன்றினாலும், நுரையீரலில் சதை எடுத்துப் பார்க்காமலேயே, பலருக்கு இந்நோயை உறுதிசெய்ய முடிகிறது.

பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இந்நோயைத் தூண்டுவதாகக் கருதப்படுவதால், அச்சுரப்பு கலந்த கருத்தடை மாத்திரைகளைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். கருவுறும் காலத்தில் நோய் தீவிரமடையக்கூடும் என்பதால், குழந்தைப்பேறு பற்றிக் கணவனும் மனைவியும் மருத்துவரிடம் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். இவ்விஷயத்தில் அப்பெண்ணை மாமியார் வீட்டாரோ உறவினரோ குறைகூறுவது பெரும் அநியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீவு மண்ணில் கிடைத்த மருந்து

பல்லாண்டுக் காலம் இந்நோய்க்கு மருந்தே இல்லாதிருந்தது. மருந்து கிடைத்த வரலாறு வியப்பூட்டக்கூடியது. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஈஸ்டர் தீவு என்னும் சிறு தீவு உள்ளது. அங்கு வாழும் மக்கள் அதனை 'ராப்பா நூய்' என்று அழைக்கின்றனர். 1964-ஆம் ஆண்டு கனடாவிலிருந்து சென்ற ஆய்வுக் குழுவினர் அத்தீவின் மண்ணைச் சேகரித்து வந்தனர். அம்மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து மாண்ட்ரீல் நகர ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதனைப் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல் என்னும் அறிவியலாளர். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தீவின் பெயராலேயே அம்மருந்துக்கு 'ராப்பாமைசின்' என்று பெயரிடப்பட்டது. ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவர் பாதுகாத்து வைத்திருந்தார் என்பதும் வரலாறு.

'சிரோலிமஸ்' என்று இன்று அழைக்கப்படும் அம்மருந்து, முதலில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு 1999-இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. லாம் நோயில் எந்த மரபணுப் பழுதினால் அணுக்கள் பெருகுகின்றனவோ, அந்தப் பெருக்கத்தை இதே மருந்து தடுக்கிறது என்பது பின்னர் விளங்கிற்று. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் 89 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011-ஆம் ஆண்டு வெளியாயிற்று. மருந்து உட்கொண்டவர்களின் நுரையீரல் திறன் ஓராண்டுக் காலம் குறையாமல் நிலைத்து நின்றது. உட்கொள்ளாதவர்களுக்குக் குறைந்துகொண்டே சென்றது. ஆனால் மருந்தை நிறுத்தியவுடன் சரிவு மீண்டும் தொடங்கியது. அதாவது, இம்மருந்து நோயைத் தடுத்து நிறுத்துமேயன்றி வேரோடு களையாது. 2015-ஆம் ஆண்டு லாம் நோய்க்கென்றே அமெரிக்காவில் இது அங்கீகாரம் பெற்றது.

ஆகவே இன்று இந்நோயை முன்கூட்டியே கண்டறிந்துவிட்டால், பல பெண்கள் மாற்று நுரையீரல் தேவைப்படாமலேயே பல்லாண்டுகள் வாழ முடியும். தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களுக்கும், மருந்து பயனளிக்காதவர்களுக்கும், பிராணவாயு உருளையின்றி நடமாட முடியாத நிலை வந்தவர்களுக்கும் எஞ்சியிருக்கும் வழி நுரையீரல் மாற்றுச் சிகிச்சை ஒன்றே.

மாற்றுச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

மனிதனுக்கு முதன்முதலில் நுரையீரல் மாற்றப்பட்டது 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜேம்ஸ் ஹார்டி என்னும் அறுவை மருத்துவர் இதனைச் செய்தார். நோயாளி 18 நாட்களே உயிருடன் இருந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் நாற்பது பேருக்கு இது செய்யப்பட்டது. அவர்களுள் மிக அதிகமாக வாழ்ந்தவர், 1968-இல் பெல்ஜியம் நாட்டில் சிகிச்சை பெற்ற நோயாளி. அவரும் பத்து மாதங்களே வாழ்ந்தார். பலருக்கு, மூச்சுக்குழாயைத் தைத்த இடம் ஆறாமல் பிரிந்துபோயிற்று. உடல் புதிய உறுப்பை ஏற்காமல் எதிர்த்தது. இருதயமும் சிறுநீரகமும் மாற்றப்பட்டு வெற்றி கண்டபோதும் நுரையீரல் மட்டும் கைகூடாத கனவாகவே இருந்து வந்தது.

1980-களின் தொடக்கத்தில், பூஞ்சை ஒன்றிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. 1981-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புரூஸ் ரைட்ஸ் என்பவர் இருதயத்தையும் நுரையீரல்களையும் ஒருசேர மாற்றி வெற்றி கண்டார். அந்நோயாளியும் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் அரிய நோயினால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியே ஆவார். 1983-இல் கனடாவின் டொரண்டோ நகரில் ஜோயல் கூப்பர் தலைமையிலான குழுவினர் ஒற்றை நுரையீரலை மாற்றினர். அந்நோயாளி ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். அதே குழுவினர் 1986-இல் இரு நுரையீரல்களையும் மாற்றி அதிலும் வெற்றி பெற்றனர். இன்று உலகில் ஆண்டுதோறும் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சை பெறுகின்றனர்.

மாற்றிய உறுப்பு ஏன் தளர்கிறது?

சிறுநீரகம், கல்லீரல், இருதயம் ஆகியவற்றோடு ஒப்பிடும்போது மாற்று நுரையீரலின் ஆயுள் குறைவு. இதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. மற்ற உறுப்புகள் உடலுக்குள் மூடிப் பாதுகாக்கப்பட்டவை. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் வெளியுலகத்தோடு தொடர்புகொள்வது. தூசு, புகை, கிருமி, பூஞ்சை என அனைத்தும் அதற்குள் சென்று வருகின்றன. அவற்றை எதிர்த்துப் போராட வேண்டிய உடலின் எதிர்ப்பு ஆற்றலையோ, புதிய உறுப்பைக் காப்பாற்றுவதற்காக நாமே மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம்.

இதனால், மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நாட்பட்ட நிராகரிப்பு என்னும் நிலை தோன்றிவிடுகிறது. இது இரு வகைப்படும். சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டுப்போவது ஒரு வகை. நுரையீரல் முழுவதுமே இறுகிச் சுருங்கிவிடுவது மற்றொரு வகை. இரண்டாவது வகை மிக வேகமானது. அதை டொரண்டோ மருத்துவர்கள் 2011-இல்தான் தனியாக வகைப்படுத்திக் காட்டினர். நுரையீரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற பெரியவர்களுள் பாதிப் பேர் ஆறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வாழ்கின்றனர் என்பது உலகப் பதிவேடு காட்டும் உண்மை. லாம் நோயாளிகளின் நிலை இதைவிட மேலானது. அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட கணக்கின்படி அவர்களுள் பாதிப் பேர் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்துள்ளனர். அவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்களாகவும் வேறு நோயற்றவர்களாகவும் இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

லாம் நோயில் வேறொரு விந்தையும் உண்டு. புதிதாகப் பொருத்தப்பட்ட நுரையீரலிலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. கொடையாளியோ நோயற்றவர், அப்படியிருக்க நோய் எங்கிருந்து வந்தது? மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, அந்த நோயணுக்கள் கொடையாளியுடையவை அல்ல, நோயாளியுடையவையே என்பது தெரியவந்தது. நுரையீரல் புதியதாயினும் உடல் பழையதே அல்லவா? உடலின் வேறிடத்தில் தங்கியிருந்த அணுக்கள் புதிய வீட்டிலும் குடியேறிவிடுகின்றன. எனினும், இவ்வாறு திரும்பி வரும் நோய் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மாற்று நுரையீரலைப் பழுதாக்குவது பெரும்பாலும் நாட்பட்ட நிராகரிப்பே ஆகும்.

சிரோலிமஸ் மருந்து இவ்விடத்தில் இருமுனைக் கத்தியாகிறது. லாம் நோயைத் தடுப்பதும் அதுவே. அறுவைக்குப் பின் உடனடியாகக் கொடுத்தால், மூச்சுக்குழாயைத் தைத்த இடத்தை ஆறவிடாமல் பிரித்துவிடக்கூடியதும் அதுவே. ஆகவே தையல் நன்கு ஆறும்வரை அதனை நிறுத்தி வைத்துப் பின்னரே மருத்துவர்கள் மீண்டும் தொடங்குவர்.

இரண்டாம் முறை

மாற்றிய நுரையீரல் செயலிழந்தவருக்கு, மீண்டும் ஒருமுறை மாற்றுவது தவிர வேறு முழுமையான தீர்வு கிடையாது. சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். நுரையீரலுக்கு அத்தகைய நீண்டகால ஏற்பாடு இல்லை. செயற்கைச் சுவாசக் கருவியும், எக்மோ என்னும் கருவியும் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ கைகொடுக்குமேயன்றி வாழ்நாள் முழுவதும் உதவா.

இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது. முதல் அறுவையின் தழும்பினால் நுரையீரல் விலா எலும்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனைப் பிரிக்கும்போது இரத்தப்போக்கு மிகும். பல ஆண்டுகள் உட்கொண்ட மருந்துகளால் சிறுநீரகங்கள் தளர்ந்திருக்கும். முதல் கொடையாளியின் திசுவைக் கண்டு உடல் உருவாக்கிய எதிர்ப்புப் பொருட்கள் இரத்தத்தில் இருப்பதால், பொருந்தக்கூடிய இரண்டாம் கொடையாளி கிடைப்பதும் அரிதாகும். இக்காரணங்களால், மறுமாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் வாழும் காலம் முதல்முறை பெற்றவர்களைவிடக் குறைவு. பழைய பதிவேடுகளின்படி ஏறத்தாழ அதில் பாதியே எனலாம்.

ஆனால் இந்தச் சராசரியை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. முதல் அறுவை முடிந்த சில நாட்களிலேயே, நோயாளி சுவாசக் கருவியில் கிடக்கும்போது செய்யப்படும் மறுமாற்றத்தின் பலன் மிகவும் மோசமாக உள்ளது. நுரையீரல் இறுகும் வகையைச் சேர்ந்த நிராகரிப்புக்குச் செய்யப்படுவதன் பலனும் குறைவே. முதல் மாற்றத்திற்குப் பின் ஓரிரண்டு ஆண்டுகளேனும் நன்றாக வாழ்ந்து, பின்னர் மூச்சுக்குழல் அடைப்பு வகையால் மெல்ல மெல்லத் தளர்ந்து, நடமாடும் நிலையில் இருக்கும் இளவயது நோயாளிக்கு, அனுபவம் மிக்க மருத்துவமனையில் செய்யப்படும்போது பலன் வெகுவாக உயர்கிறது. ஆக, 'மறுமாற்றம் நல்லதா, கெட்டதா' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. யாருக்கு, எப்போது, எந்தக் காரணத்திற்காக என்று கேட்பதே முறையாகும்.

யாருக்குக் கொடுப்பது?

அன்பார்ந்த சகோதரர்களே! ஒருமுறை நுரையீரல் பெற்றவருக்கு மீண்டும் ஒரு ஜோடி கொடுக்கப்படும்போது, ஒருமுறைகூடப் பெறாத ஒருவர் வரிசையில் காத்திருந்து இறந்துபோக நேரலாம். இது நியாயமா?

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுவரை, யார் அதிக நாட்கள் காத்திருக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை என்றிருந்தது. அவ்வாண்டு மே மாதம் அம்முறை மாற்றப்பட்டு மதிப்பெண் முறை கொண்டுவரப்பட்டது. மாற்றுச் சிகிச்சை கிடைக்காவிட்டால் இவர் எவ்வளவு காலம் தாங்குவார், கிடைத்தால் எவ்வளவு காலம் வாழ்வார் என்னும் இரண்டையும் கணக்கிட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. 2023 மார்ச் மாதம் அதுவும் விரிவாக்கப்பட்டு, வேறு பல கூறுகளும் சேர்க்கப்பட்டன. இம்முறைகள் எவற்றிலும், 'நீ ஏற்கெனவே ஒருமுறை பெற்றுவிட்டாய், உனக்கு இனி இல்லை' என்று எவரையும் விலக்கி வைக்கவில்லை.

2013-ஆம் ஆண்டு அந்நாட்டின் பிலடெல்பியா நகரில் நடந்த ஒரு நிகழ்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நுரையீரல் நோயால் பாதிக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி அவள். பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெரியவர்களின் நுரையீரல் எளிதில் கிடைக்க அன்றைய விதி இடம் தரவில்லை. பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். நீதிபதியின் ஆணையின்பேரில் பெரியவர்களுக்கான பட்டியலிலும் அவள் பெயர் சேர்க்கப்பட்டது. ஜூன் 12-ஆம் நாள் நுரையீரல் பொருத்தப்பட்டது. சில மணி நேரத்திலேயே அது செயலிழந்தது. மூன்று நாட்கள் கழித்து, ஜூன் 15-இல் இரண்டாம் முறை பொருத்தப்பட்டது. அச்சிறுமி பிழைத்து ஆகஸ்டு மாதம் வீடு திரும்பினாள். நான் சற்று முன்பு, உடனடி மறுமாற்றத்தின் பலன் மிக மோசம் என்றேன். இச்சிறுமி அதற்கு விதிவிலக்கானாள்.

அப்போது இரு தரப்பிலும் வாதங்கள் எழுந்தன. "நீதிமன்றத்தை அணுகும் வசதி படைத்தவர்களுக்கு மட்டும் வரிசை வளைந்து கொடுக்குமா?" என்று ஒரு சாரார் கேட்டனர். "வயதைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைச் சாக விடலாமா?" என்று மறு சாரார் கேட்டனர். இரு கேள்வியிலும் நியாயம் உண்டு. பின்னர், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களின் நிலையைத் தனித்தனியே பரிசீலிக்க விதியிலேயே வழி செய்யப்பட்டது.

என் கருத்தைச் சொல்கிறேன். நோயாளி முன்பு எதைப் பெற்றார் என்பது கேள்வியாகக் கூடாது. இப்போது அவருடைய தேவை என்ன, சிகிச்சையால் அவர் அடையப்போகும் பலன் என்ன என்பவையே கேள்விகளாக வேண்டும். மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் நுரையீரல் பழுதடைந்தது அவருடைய குற்றமன்று. அதே நேரத்தில், பலன் கிட்டாது என்று தெளிவாகத் தெரியும் நிலையில், நோயாளியின் மீதுள்ள பாசத்தினால் மட்டும் அரிய கொடையொன்றைச் செலவிடுவதும் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகமாகும். "இனி அறுவை வேண்டாம், வலியின்றி, மூச்சுத் திணறலின்றிப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லவேண்டிய நேரத்தில் அதைச் சொல்வதும் மருத்துவமே.

கொடுப்பவர் யார்?

இவ்வளவு சிக்கலும் எதனால்? கொடை குறைவாக இருப்பதனால்! மூளைச்சாவு அடைந்த கொடையாளர் பலரின் சிறுநீரகமும் கல்லீரலும் பயன்பட்டாலும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் நுரையீரலே பயன்படுகிறது. விபத்தில் அடிபட்டோருக்கு நெஞ்சில் காயம் இருக்கும். சுவாசக் கருவியில் கிடந்தோருக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கும். எடுத்த நுரையீரலையும் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். டொரண்டோவில் ஷாஃப் கேஷவ்ஜி தலைமையிலான குழுவினர், எடுத்த நுரையீரலை உடலுக்கு வெளியே கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, காற்றும் சத்துநீரும் செலுத்தி, சீராக்கிச் சோதித்துப் பின்னர் பொருத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். இதனால், முன்பு ஒதுக்கித் தள்ளப்பட்ட நுரையீரல்கள் பலவும் இன்று பயன்படுகின்றன.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச்சாவு உறுதிசெய்யப்படும். உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் குற்றம். தமிழகத்தில் 2008 முதல் இறந்தோர் உறுப்புக்கொடைத் திட்டம் அரசு மேற்பார்வையில் நடந்து வருகிறது. இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இதனைக் கவனிக்கிறது. உறுப்புக் கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் தமிழக அரசு அறிவித்தது.

மார்க்கம் இதனை அனுமதிக்கிறதா என்று என்னிடம் பலர் கேட்கின்றனர். தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. மேடையில் அமர்ந்திருக்கும் ஆலிம்களுக்கே அது உரியது. வரலாற்றுச் செய்தியை மட்டும் குறிப்பிடுகிறேன். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, 1986-இல் அம்மானில் கூடியபோது மூளைச்சாவு பற்றியும், 1988-இல் ஜித்தாவில் கூடியபோது உறுப்பு மாற்றுப் பற்றியும் தீர்மானங்கள் நிறைவேற்றியது. உயிர் காக்கும் தேவையிருந்து, இறந்தவர் முன்பே இசைந்திருந்தாலோ அவருடைய வாரிசுகள் இசைந்தாலோ அனுமதிக்கலாம், விற்பனை கூடாது என்பது அதன் சாரம். நம் நாட்டு உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே, ஆபத்து வேளையில் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு அவசரமாகக் கேட்பதைவிட, அமைதியான நாட்களிலேயே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, தம் விருப்பம் இன்னதென்று குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பதே அறிவுடைமை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, இளம்பெண்ணின் மூச்சிரைப்பை 'சோம்பல்' என்றோ 'நோஞ்சான் உடம்பு' என்றோ தட்டிக்கழிக்க வேண்டாம். ஆஸ்துமா மருந்தால் குணமாகாத மூச்சிரைப்புக்கும், இருமுறை வந்த காற்றுக் கசிவுக்கும் நுரையீரல் மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டாவதாக, மாற்றுச் சிகிச்சை பெற்றவர் நம் மஹல்லாவில் இருந்தால் அவருக்குத் துணை நிற்போம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் நலம் விசாரிக்கிறோம் என்று அவர் வீட்டுக்குச் செல்லாதிருப்பதே அவருக்குச் செய்யும் பேருதவி. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளைப் பெரும்பாலோர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நேரம் தவறாமல் உட்கொள்ள வேண்டும். பம்பளிமாஸ் போன்ற பழங்கள் அம்மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ரமலான் மாதத்தில் அவர் தாமாக மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளாமல், மருத்துவரையும் ஆலிமையும் கலந்தே முடிவெடுக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கும்போது, "நோன்பு வைக்கவில்லையா?" என்று கேட்டு அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம்.

மூன்றாவதாக, நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஒரு குடும்பத்தார், மறுமாற்று அறுவைக்கு உதவி கேட்டு பைத்துல்மாலுக்கு விண்ணப்பம் கொண்டு வரலாம். ஒருபுறம் ஓர் உயிர். மறுபுறம் அதே தொகையால் டயாலிசிஸ் செய்துகொள்ளக்கூடிய பல ஏழைகள். அத்தகைய வேளையில் கண்ணீரை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். தொகையை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். முதல் மாற்றம் எப்போது நடந்தது, பழுதுக்குக் காரணம் என்ன, சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது, அறுவைக்குப் பின் மாதந்தோறும் வாழ்நாள் முழுதும் தேவைப்படும் மருந்துச் செலவை யார் ஏற்பது ஆகிய நான்கையும் மருத்துவரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அறுவைக்குப் பணம் திரட்டிவிட்டு மருந்துக்கு வழியின்றி விடுவது, கிணறு வெட்டிக் கொடுத்துக் கயிறு கொடுக்காமல் விடுவதைப் போன்றது. பெருந்தொகை கொடுக்க இயலாவிட்டாலும், மருத்துவமனைக்கு அருகில் அக்குடும்பம் தங்க ஓர் அறையும், மாத மருந்துக்கு ஒரு பங்கும் நம்மால் ஏற்பாடு செய்ய முடியும்.

நாம் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் முறை மூச்சு விடுகிறோம். ஒன்றையும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணி எண்ணி விடும் நிலையில் இருப்போரின் பக்கம் நம் கவனம் சற்றே திரும்புமானால், இன்று இங்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் வீணாகவில்லை என்று மகிழ்வேன்.